கழலாத சக்கரம்

ஐந்து நட்டுகளும் கழன்று, தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்தன. சக்கரம் மட்டும் அசையவில்லை.

சங்கிலிமுத்து முழங்காலை மண்ணில் ஊன்றி, பஞ்சரான டயரின் இரண்டு பக்கமும் கை கொடுத்து இழுத்தார். இன்னும் விடியவில்லை. கிழக்கே கரிசல் காட்டின் விளிம்பில் ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிந்தது. அந்த நேரத்திலேயே அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. புருவத்தில் தேங்கிய வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கைகளும் கரியும் மசகுமாக இருந்தன.

மேலப்புதூருக்கு ரோடு பிரியும் விலக்கில் தூக்குச்சட்டிகளோடு இருபத்தெட்டுப் பெண்கள் நின்றார்கள். சங்கிலிமுத்து ஓட்டுவது பதினான்கு பேர் உட்காரும் வேன். தினமும் இந்த இருபத்தெட்டுப் பேரையும் திணித்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணைப் பக்கமுள்ள பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். ஏழு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வந்த வழியே நடந்து திரும்ப வேண்டியதுதான்.

"என்னண்ணே, நட்டுதான் கழண்டிருச்சே. இன்னும் எது பிடிச்சுக்கிட்டு நிக்கி?" என்று கேட்டாள் வள்ளித்தாய். அவளுக்கு நாற்பது வயது. புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் எந்தச் சோப்புக்கும் போகாமல் அவள் நகங்களின் அடியில் தங்கிவிட்டிருந்தது.

"துரு பிடிச்சிருக்கு தாயி. சக்கரமும் உள்ள இருக்கிற டிரம்மும் ஒண்ணா ஒட்டிப் போச்சு. இனி நட்டு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"ரெண்டு மிதி மிதிச்சா வராதாண்ணே?" என்றாள் யோகேஸ்வரி. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன பெண். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்குத்தான்.

"வரும். ஜாக்கி சாஞ்சா வண்டியும் சேந்து வரும், என் தலையில."

சங்கிலிமுத்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்தது. சக்கரத்தின் நடுவில், டிரம்மின் மேடு தெரிகிற வட்டத்தைச் சுற்றி ஊற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். எண்ணெய் இறங்குவதற்காகச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு ஐந்து நட்டுகளையும் திரும்ப மாட்டினார். முழுவதும் முறுக்கவில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று தளர்வு விட்டார். ஜாக்கியை இறக்கினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க."

வேனில் ஏறி ஸ்டார்ட் செய்து, ஒரு கஜம் முன்னால் நகர்த்தி பிரேக்கை அழுத்தினார். ஒரு கஜம் பின்னால் எடுத்து மறுபடியும் அழுத்தினார். நான்காவது தடவை 'டொக்' என்று ஒரு சத்தம், முற்றிய தேங்காய் உடைகிற மாதிரி. மறுபடியும் ஜாக்கியில் ஏற்றி நட்டுகளைக் கழற்றி இழுத்தபோது சக்கரம் கையோடு வந்தது. செங்கல் பொடியைப் போலத் துரு அவர் மடியில் கொட்டியது.

யோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். "இம்புட்டுத் துருவா?"

"சாயங்காலமானா வண்டியக் கழுவுதோம்ல. ஒங்க சீலையில இருந்து உதிர்ற மருந்துத் தூசி உள்ள நிக்கக் கூடாதுன்னு கழுவச் சொல்லுதாக. நல்ல காரியந்தான். ஆனா எந்தத் தண்ணியில? கம்பெனி போர்வெல் தண்ணியில. வாயில வச்சாக் கரிக்கும். அந்த உப்புத்தான் தின்னிருக்கு."

பேசிக்கொண்டே கம்பி பிரஷால் டிரம்மைப் பளிச்சென்று தேய்த்தார். சக்கரம் உட்காரும் மேட்டில் மட்டும் விரல் நுனியால் கிரீஸை மெல்லிசாகத் தடவினார். யோகேஸ்வரி போல்ட்டுகளைக் காட்டி, "இதுக்கும் தடவுங்கண்ணே" என்றாள்.

"மரையில படக் கூடாது பிள்ள. ஓட ஓட நட்டு தானா இளகிரும். பிரேக்குப் பக்கமும் போயிரக் கூடாது. எங்க துரு பிடிக்குதோ அங்கன மட்டும் ஒரு பூச்சு. அம்புட்டுதான் வைத்தியம்."

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கி முடித்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு இருபது.

கேட் மூடியிருந்தது. ஆனால் அன்றைக்கு முதலாளி ஜெயச்சந்திரனே வந்திருந்தார். வடக்கேயிருந்து வந்த ஆர்டர் தலைக்குமேல் நின்றதால் கேட்டைத் திறக்கச் சொன்னார். பெண்கள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார்கள். சங்கிலிமுத்து மட்டும் அவருடைய காருக்குப் பக்கத்தில் நின்றார். தூக்குச்சட்டியின் மூடி உருண்டுவிட்டதால் அதை எடுக்கக் குனிந்த வள்ளித்தாய், சங்கிலிமுத்து பேச ஆரம்பித்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"முதலாளி, ஒரு வார்த்த."

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"பிறகென்ன?"

"ஓடுற வண்டி நடுரோட்டுல நின்னா சக்கரம் கழலாதுங்க. மூணு வேனும் இதே கததான். ஒரு நாளைக்கு ஒரு வண்டிய என்கிட்ட நிறுத்திக் குடுங்க. நாலு சக்கரத்தையும் கழட்டித் துருவச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டிர்றேன். மூணு நாள்ல மூணு வண்டியும் முடிஞ்சிரும். பிறகு மூணு மாசத்துக்கு ஒருக்காச் செஞ்சாப் போதும்."

"ஒரு வண்டி நின்னா முப்பது ஆளு நிக்கும். முப்பது ஆளு நின்னா லோடு நிக்கும். தீபாவளி எனக்காக நிக்குமாவே?"

"வண்டி கழுவவாவது நல்ல தண்ணி..."

"குடிக்கவே நல்ல தண்ணி லாரியில வருது. சீசன் முடியட்டும், பாப்பம்."

சீசன் முடியட்டும். அந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். மருந்து அறைக்கு இரண்டாவது வாசல் கேட்டபோது சீசன் முடியட்டும் என்றார்கள். காயப்போடும் களத்துக்கு நிழல் கேட்டபோதும் அதையே சொன்னார்கள். எத்தனையோ சீசன் முடிந்துவிட்டது. கேட்டது எதுவும் வரவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு மட்டும் இலவசமாக வேன் விடுவார்கள்.

அந்த வேனின் நான்கு சக்கரங்களில் ஒன்றுதான் அன்றைக்குச் சுத்தமானது. மற்ற மூன்றும் அப்படியே ஓடின.

இருபது நாள் கழித்து, ஆவணிக் கடைசியில், பகல் பதினொன்றரை மணிக்குக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த பூத்திரி மத்தாப்புகள் பற்றிக்கொண்டன. வெடிச்சத்தம் இல்லை. 'புஸ்ஸ்' என்று ஒரு வெள்ளை வெளிச்சம் எழுந்து அடங்கியது. அவற்றைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் யோகேஸ்வரி.

தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்கால் போர்த்தி அணைத்தார்கள். இடுப்புக்குக் கீழே முழுதும் வெந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு நினைவு இருந்தது. பிடிக்க வந்தவர்களின் கைபட்டால் தோல் உரிந்தது. அதனால் அவளே நடந்து வந்து வேனில் ஏறினாள். தரையில் விரித்த ஈரத்துணியின்மேல் படுத்தாள். வள்ளித்தாய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். சங்கிலிமுத்து வேனைச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

நாலு கிலோமீட்டர் போயிருப்பார்கள். புதுரோடு போடுவதற்காகச் சல்லி பரப்பிய இடம். முன்பக்க இடது டயர் வெடித்தது.

சங்கிலிமுத்து நிறுத்தவில்லை. வெடித்த டயரோடே ஓட்டினார். ஒரு பர்லாங் தூரத்தில் டயர் கிழிந்து பறந்துவிட்டது. இரும்பு விளிம்பு சல்லிக்குள் இறங்கிப் புதைந்தது. அதற்குமேல் வேன் ஒரு கஜம் முன்னும் பின்னும் அசைந்ததே தவிர ஏறி வரவில்லை.

குதித்து இறங்கினார். பலகை போட்டு ஜாக்கி வைத்தார். நட்டுகளைக் கழற்றினார். சக்கரம் வரவில்லை. எண்ணெயை ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். காலால் உதைத்தார், ஜாக்கி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஓர் ஆள் இல்லை அந்த ரோட்டில். இரண்டு பக்கமும் விதைக்காத கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. கம்பெனியில் மேனேஜர் ஊர்க்காவலனிடம் மட்டும்தான் செல்போன் இருந்தது.

மீதி ஒரு வழிதான். நட்டுகளைத் தளர்வாக மாட்டிவிட்டு வேனை முன்னும் பின்னும் உலுக்க வேண்டும். சங்கிலிமுத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். வள்ளித்தாய் தலையை ஆட்டினாள்.

"வேண்டாண்ணே. இவ தாங்க மாட்டா."

யோகேஸ்வரி கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆட்டுங்கண்ணே. நான் பொறுத்துக்கிடுதேன்."

அவர் ஆட்டினார். ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை வள்ளித்தாய் தன் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஆறு தடவை, ஏழு தடவை, எட்டு தடவை. அந்தச் சக்கரம் நாலு வருடமாகக் கழற்றப்படாதது. அது கழலவில்லை. எட்டாவது தடவைக்குப் பிறகு சங்கிலிமுத்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

வள்ளித்தாய் இறங்கி வளைவுவரை ஓடினாள். கல் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. டிரைவர் இறங்கி, அவளோடு சேர்ந்து அத்தனை செங்கலையும் வாரி ரோட்டோரத்தில் வீசினான். அந்த வண்டியில்தான் யோகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு மணிக்கு இறந்துபோனாள்.

டாக்டர் வள்ளித்தாயிடம் சொன்னார். "ஒடம்புத் தண்ணி பூரா வத்திப்போச்சும்மா. தீப்பட்ட உடனே வந்து மருந்து ஏத்தியிருந்தாப் பொழைக்க வழி இருந்திருக்கும். ஏன் இவ்வளவு லேட்டு?"

வள்ளித்தாய்க்குப் பதில் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

கம்பெனி நான்கு நாள் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் ஊர்க்காவலன் சங்கிலிமுத்துவின் வீட்டுக்கு வந்தான். கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம் இருந்தது. டயர் மாற்றத் தெரியாமல் டிரைவர் தாமதம் செய்ததாகவும், அதற்குத் தானே பொறுப்பு என்று அவர் ஒத்துக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்திரு சங்கிலி. போலீஸ் கேஸு இல்லாம முதலாளி பாத்துக்கிடுவாக. வேலதான் போகும். வேற கம்பெனியில நானே சொல்லி விடுதேன்."

மூன்று நாளாகச் சங்கிலிமுத்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்ததையேதான் அவரும் மூன்று நாளாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உதைத்திருந்தால்? வேன் நின்றதுமே உலுக்கியிருந்தால்? பேனாவை வாங்கிக்கொண்டார்.

அப்போது தெருவில் பேச்சுச் சத்தம் அடங்கியது. மொட்டைத் தலையோடு இருளாண்டி வந்துகொண்டிருந்தான். யோகேஸ்வரியின் புருஷன். கல் குவாரியில் சம்மட்டி அடிக்கிறவன். அவன் போகிற வழியையும் நடையையும் பார்த்த வள்ளித்தாய், விபரீதம் நடந்துவிடக் கூடாதே என்று பின்னாலேயே ஓடி வந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

இருளாண்டி வாசலில் நின்றான். சங்கிலிமுத்து எழுந்து நின்றார். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுபோல இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"அந்த வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டான் இருளாண்டி.

"அங்கனதாம்ப்பா. சல்லி ரோட்டுலயே நிக்கி."

"எனக்கு அந்தச் சக்கரத்தப் பாக்கணும். வாங்க."

"கையெழுத்தப் போட்டுட்டுப் போகட்டும்" என்றான் ஊர்க்காவலன்.

இருளாண்டி அவன் பக்கம் திரும்பவேயில்லை. "பாத்துட்டு வந்து போடுவாரு" என்றான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினைந்து பேர் காட்டு வழியே குறுக்கே நடந்து போனார்கள். இருளாண்டி தன் சம்மட்டியைத் தோளில் வைத்திருந்தான். வேன் விட்ட இடத்திலேயே, ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. உள்ளே அந்த ஈரத்துணி காய்ந்து சுருண்டு கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

சங்கிலிமுத்து வேலையில் இறங்கினார். கருவி கைக்கு வந்ததும் அவர் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. "ஜாக்கிய மட்டும் நம்பக் கூடாது. கல்லக் கொண்டாங்க" என்றார். பெண்கள் சுமந்து வந்த கற்களை அச்சுக்கு அடியில் அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். எண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். பிறகு ஒரு வேலமரக் கட்டையைச் சக்கரத்தின் உள்பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அடி" என்றார்.

இருளாண்டி அடித்தான். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கட்டையை வேறு இடத்தில் வைத்தார். அடித்தான். மறுபடியும் திருப்பினார். கல்லை உடைத்தே பழகிய தோள்கள் அவை. அவனுக்கே மூச்சு வாங்கியது. கட்டை பிளந்து வேறு கட்டை வைத்தார்கள். வள்ளித்தாய் டயர் இல்லாத விளிம்பைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. வெயில் உச்சிக்கு வந்து, நிழல் காலடிக்குள் சுருங்கிய நேரத்தில்தான் அந்தச் சக்கரம் கழன்று சல்லியில் விழுந்தது.

டிரம்மின் மேல் துரு பட்டை பட்டையாக ஏறியிருந்தது. இருளாண்டி உட்கார்ந்து ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நாங்க பதினஞ்சு பேரு. சம்மட்டி வேற" என்றான். "ஒத்த ஆளு, கையில சுத்தியல வச்சுக்கிட்டு, உள்ள அவள வச்சுக்கிட்டு..."

"மூணு நாளுதான் கேட்டாரு" என்றாள் வள்ளித்தாய். "இருளாண்டி, நான் பக்கத்துல நின்னு காதால கேட்டேன். ஒரு வண்டிக்கு ஒரு நாளு. சீசன் முடியட்டும்னு சொன்னாக. இத நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும்."

சங்கிலிமுத்து வேனின் சக்கரமில்லாத பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைச் சத்தம் அடங்குகிறவரை இருளாண்டி பொறுத்திருந்தான்.

"அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாதீகண்ணே" என்றான் பிறகு.

திரும்பி நடக்கும்போது வள்ளித்தாய் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள். "நாளைக் கழிச்சு வேன் வரும். அதுலயும் இதே சக்கரந்தான். ஏறப் போறமா?"

சனிக்கிழமை விடியலில் மற்ற இரண்டு வேன்களும் மேலப்புதூர் விலக்குக்கு வந்தன. சுற்றுப்பட்டியிலிருந்து வரும் ஆட்களும் அங்கேதான் ஏறுவார்கள். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. முதல் வேனின் டிரைவர் கருப்பணன் ஹாரன் அடித்தான்.

வள்ளித்தாய் அவன் பக்கம் போனாள். "தம்பி, ஒன்மேல கோவமில்ல. சாவிய எடுத்துக்கிட்டு எறங்கு. சக்கரத்தக் கழட்டணும்."

கருப்பணன் கூட்டத்தைப் பார்த்தான். அதில் சங்கிலிமுத்து கம்பி பிரஷோடு நிற்பதைப் பார்த்தான். இறங்கிவிட்டான். கொஞ்ச நேரம் தள்ளி நின்றவன், பிறகு தானே வந்து தன் வண்டியின் வீல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

கற்கள் வந்தன. கட்டைகள் வந்தன. ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார்கள். சில உலுக்கியதில் வந்தன. சிலவற்றுக்குச் சம்மட்டி வேண்டியிருந்தது. பெண்கள் வட்டமாகக் குந்தி உட்கார்ந்து, தேங்காய் துருவுகிறவர்களைப் போல வரட்டு வரட்டென்று துருவைச் சுரண்டினார்கள். சங்கிலிமுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இந்த விளிம்புல" என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழு மணிக்கு இரண்டு வேன்களும் எட்டுச் சக்கரமும் இல்லாமல் கல்லின்மேல் நின்றன. கம்பெனியின் மருந்து அறைகள் ஆளில்லாமல் கிடந்தன.

எட்டு மணிக்கு ஜெயச்சந்திரனின் கார் வந்தது. பின்னால் ஊர்க்காவலன் பைக்கில் வந்தான்.

"யாரக் கேட்டு என் வண்டியத் தொட்டீக?" காரிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்துக்கொண்டு கேட்டார் ஜெயச்சந்திரன்.

"உள்ள ஏறுறது நாங்க முதலாளி" என்றாள் வள்ளித்தாய். அவள் காரின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். "அதான் தொட்டோம்."

"ஒரு டிரைவர் செஞ்ச தப்புக்கு..."

"மூணு நாளு கேட்டவரு தப்புச் செஞ்சாரா, தர மாட்டேன்னவக தப்புச் செஞ்சாகளா?"

ஜெயச்சந்திரன் அவளை விட்டு இருளாண்டியைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இருளாண்டி, ஒனக்கு வந்த கஷ்டம் எனக்குத் தெரியும்ப்பா. வா, வந்து கார்ல உக்காரு. ஒனக்கு என்ன செய்யணுமோ தனியாப் பேசிக்கிடுவோம்."

"தனியாப் பேச எனக்கு என்ன இருக்குங்க? என் வீட்டுல இருந்தது ஒருத்திதான்." இருளாண்டி அசையாமல் நின்றான். "இவுக எல்லாரும் இருக்காக. இவுக கேக்குறத இங்கன வச்சுச் சொல்லுங்க."

"என்ன கேக்குறீக?"

வள்ளித்தாய் சொன்னாள். மூணு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும். பதினாலு பேர் வண்டியில் பதினாலு பேர்தான் ஏறுவார்கள். வேலை நேரம் முழுக்க, ஓடுகிற நிலையில் ஒரு வண்டி டிரைவரோடு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். சங்கிலிமுத்துமேல் எழுதிய காகிதத்தைக் கிழிக்க வேண்டும். அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஜெயச்சந்திரன் சிரித்தார். "தீபாவளி முடியட்டும்..."

"அதச் சொல்லாதீக முதலாளி." கூட்டத்தின் பின்பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. சலிப்பு மட்டும்தான் இருந்தது.

அவர் முகம் மாறியது. "இந்தச் சில்லாவுல ஒங்களுக்குத்தான் வேல செய்யத் தெரியுமா? அச்சங்குளத்துல ஆளு இல்லையா? நாளைக்கே வாடக வேன விட்டுக் கொண்டாந்து இறக்குறேன். வண்டிய நாசம் பண்ணுனதுக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேல. பாத்துக்கிடுவோம்."

கார் திரும்பிப் போனது. புழுதி அடங்கியது. பிறகு சங்கிலிமுத்து, "நாசம் பண்ணுனோம்னு சொல்லிருவாக. மாட்டி வச்சிருவோம்" என்றார். சுத்தமான எட்டுச் சக்கரங்களையும் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினார்கள்.

மத்தியானமே போலீஸ் ஜீப் வந்து சங்கிலிமுத்துவை ஏற்றிக்கொண்டு போனது. வண்டிகள் நன்றாக நிற்பதைப் பெண்கள் காட்டினார்கள். அதைப் பார்க்கப் போலீஸ்காரர்களுக்கு நேரமில்லை. கருப்பணனும் இன்னும் பத்துப் பேரும் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். வெளியே விடுவார்களா, ரிமாண்டா என்று சாயங்காலம்வரை தெரியவில்லை.

வள்ளித்தாயும் இருளாண்டியும் அச்சங்குளத்துக்கு நடந்தார்கள். அங்கே பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவள் முத்துப்பேச்சி. குழாயடியில் அவளைப் பிடித்தார்கள். கேட்பதற்கு இன்னும் சிலர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். வள்ளித்தாய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எட்டு தடவை உலுக்கியதைச் சொல்லும்போது இருளாண்டி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

முத்துப்பேச்சி முகத்தைச் சுளித்தாள். "எல்லாம் சரி மதினி. எங்களுக்கும் வயிறு இருக்குல்ல. மூணு வாரமா எங்க கம்பெனி பூட்டிக் கெடக்கு. பிள்ளைகள வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?"

"வயிறு எனக்கும் தெரியும். ஏறாதீகன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றாள் வள்ளித்தாய். "நடந்தது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் வந்தேன்."

முத்துப்பேச்சி எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிகாலையில் அச்சங்குளம் பஸ் நிறுத்தத்தில் வாடகை வேன் ஒன்று வந்து நின்றது. முன்சீட்டில் ஊர்க்காவலன் இருந்தான். நாற்பது பெண்கள் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சிறு பாலத்தின்மேல் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. இரவே ஸ்டேஷனிலிருந்து சேதி வந்திருந்தது. சங்கிலிமுத்துவை விடவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. நேரமாச்சு" என்றான் ஊர்க்காவலன்.

முத்துப்பேச்சிதான் முதலில் நின்றாள். படியில் ஒரு கையை வைத்தவள், ஏறாமல் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு டிரைவரின் ஜன்னலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இந்தச் சக்கரத்தக் கழட்டி எம்புட்டு நாளாச்சு?"

டிரைவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதுக்கும்மா?"

"சும்மா சொல்லுங்க."

"தெரியலையே. நான் வந்து எட்டு மாசம் ஆச்சு. நான் கழட்டல."

"அப்பக் கழட்டிக் காட்டுங்க."

"ஏம்மா, ஒனக்கு வேல வேணுமா வேணாமா?" என்று ஊர்க்காவலன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"வேணும்" என்றாள் முத்துப்பேச்சி. "போயிட்டுத் திரும்பியும் வரணும்."

அவள் தூக்குச்சட்டியை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேர் தயங்கி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி வேனைப் பார்த்தாள், முத்துப்பேச்சியைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சுருட்டிக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பாலத்திலிருந்து வள்ளித்தாய் எழுந்தாள். ரோட்டைக் கடந்து அந்தக் கூட்டத்தை நோக்கி நடந்தாள். முத்துப்பேச்சி நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.